நாலாம் டேபிள் லீக்கேஜ்

மாதேஸ்வரி சாப்பிடாமல் வந்து மயங்கி விழுந்தாள் என்று விபத்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை, சரியாகப் பத்து மணி பத்து நிமிடத்துக்கு, அவள் வேலை பார்த்த நாலாம் டேபிளின் பவர் சப்ளை வாந்தி எடுத்தது. புகையவில்லை, பொறி தட்டவில்லை, எங்கள் தொழிலில் ஒரு பெட்டி கெட்டுப்போவதற்கு இருக்கிற மரியாதையான வழிகள் எதிலும் அது போகவில்லை. இரண்டு முறை எக்கியது, மேலே காற்றுப் போகிற ஓட்டைகள் வழியாகவும் முன்னால் இருக்கும் சிவப்பு முனை கறுப்பு முனை வழியாகவும் பழுப்பாக, கொழகொழவென்று, புளித்த வாடையோடு ஒரு மக் அளவுக்குக் கக்கியது, பிறகு ஒன்றுமே நடக்காததுபோலப் பன்னிரண்டு வோல்ட் காட்டிக்கொண்டு நின்றது. டேபிள் மேல் இருந்த போர்டுகள் நாசமாயின. பக்கத்து டேபிள் பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார்கள்.

என் பெயர் முனிரத்தினம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் இருபது இருபத்தைந்து கம்பெனிகளுக்கு மொபெட்டில் போய், கெட்டுப்போன டெஸ்டிங் பெட்டிகளைச் சரிபார்த்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றின் மேலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருகிறவன். பவர் சப்ளை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு கையால் தூக்கக்கூடிய இரும்புப் பெட்டி. சுவரிலிருந்து கரண்டை வாங்கி, பத்து வேண்டுமென்றால் பத்து, பன்னிரண்டு வேண்டுமென்றால் பன்னிரண்டு என்று வோல்ட்டைக் குறைத்து முன்பக்கத்து இரண்டு முனைகளில் கொடுக்கும். இன்வெர்ட்டருக்குள் போகிற போர்டுகளை அதில் மாட்டி, விளக்கு எரிந்தால் நல்லது, எரியாவிட்டால் கெட்டது என்று பிரித்து வைப்பதுதான் நாலாம் டேபிளின் வேலை, அதைத்தான் மாதேஸ்வரி நான்கு வருடமாகச் செய்துகொண்டிருந்தாள்.

ஆடி மாதம் ஒரு திங்கள்கிழமை பத்து பத்துக்கு, இடது கையை இரும்பு டேபிளில் ஊன்றிக்கொண்டு வலது கையால் பெட்டியை நகர்த்தப் போனவள், அப்படியே விறைத்து நின்று, பிறகு பின்னால் சாய்ந்து விழுந்தாள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டன, உள்ளங்கையில் பெட்டியின் விளிம்பு ஒரு கறுப்புக் கோடாகப் பதிந்துவிட்டது. அன்று மாலையே மேனேஜர் வரதராஜுலு பதிவேட்டை எடுத்து, தன் அழகான கையெழுத்தில், 'பணியாளர் காலை உணவு உண்ணாமல் வந்ததால் மயக்கமுற்று விழுந்தார்' என்று எழுதினார். சாப்பிடாமல் வருகிற பெண்ணை மெஷினில் உட்கார வைக்க முடியாது என்று அவளை வேலையிலிருந்தும் நிறுத்தினார்கள். அந்த ஒரு வரி கம்பெனியைக் காப்பாற்றியது, சூப்பர்வைசர் சென்றாயனைக் காப்பாற்றியது, என்னையும் காப்பாற்றியது. என்னை எப்படி என்று பிறகு சொல்கிறேன், இப்போதே சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

வாந்தி எடுத்த அன்று சென்றாயன் எனக்குப் போன் செய்தார். "முனிரத்தினம், நாலாம் டேபுள் சப்ளை லீக் ஆவுது, வந்து பாரு," என்றார். உள்ளே கரண்டைத் தேக்கி வைக்கிற கப்பாசிட்டர் ஒழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன், பழைய கப்பாசிட்டர் பழுப்பாக ஒழுகத்தான் செய்யும். போய்ப் பார்த்தால் டேபிள் முழுக்கக் கரைந்த கேழ்வரகுக் களி, இடையிடையே அரைபட்ட அவரைக்கொட்டை, கொட்டையின் தோல் வேறு வெள்ளையாகச் சுருண்டு கிடந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் அதைப் பார்த்தால் என்னவென்று தெரியும், கண்ணை மூடிக்கொண்டு மோந்தாலும் தெரியும். களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் தின்ற வயிறு இரண்டு மணி நேரம் கழித்து என்ன வைத்திருக்குமோ அது. நான் சென்றாயனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். "கப்பாசிட்டரா இருக்கும்," என்றேன். "அதத்தான் நானும் நெனச்சன்," என்றார்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே சொட்டு ஈரம் இல்லை, ஒரு பருக்கை இல்லை, கப்பாசிட்டர்கள் ஐந்தும் தலை உப்பாமல் சமர்த்தாக நின்றன. துடைத்து மூடி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பத்து பத்துக்கு மறுபடியும் எக்கியது, மறுபடியும் ஒரு மக், அதே களி, அதே அவரைக்கொட்டை, அதே புளிப்பு வாடை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால்தான் மனுசனுக்கு மனுசன் மேலே இருக்கிற மரியாதை போகும். முதல் மூன்று நாள் பெண்கள் ஓடினார்கள், நாலாம் நாள் நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், இரண்டாம் வாரம் பத்து பத்துக்கு ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை பார்த்தார்கள், ஒரு மாதத்தில் மூக்கைப் பிடிப்பதையும் விட்டுவிட்டு, "அது கக்கிட்டுதா? அப்ப டீ வர நேரம்" என்று மணி பார்க்க அதை வைத்துக்கொண்டார்கள். துப்புரவு செய்கிற பாப்பாத்தி அக்காவுக்கு ஒரு நீல பிளாஸ்டிக் பேசின் வாங்கிக் கொடுத்தார்கள், பத்து மணிக்கே அதைக் கொண்டுபோய் டேபிளுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை என்று ஆனது. வாடிக்கையாளர்கள் வருகிற நாளில் எலுமிச்சை வாசனை ஸ்பிரே அடித்தார்கள், புளித்த களியும் எலுமிச்சையும் சேர்ந்தால் என்ன நாற்றம் வரும் என்று யாருக்காவது தெரியவேண்டுமானால் என் பழைய சட்டையை மோந்து பார்க்கலாம், இன்னும் போகவில்லை. கேன்டீனில் புதன்கிழமை போடுகிற களியை நிறுத்தினார்கள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

தூக்கி எறிந்திருக்கலாமே என்று தோன்றும். வரதராஜுலுவிடம் நானே சொன்னேன். "ஸ்கிராப் பண்ணணும்னா காரணம் எழுதணும் முனிரத்தினம். என்ன காரணம் எழுதட்டும்?" என்றார். ஸ்டோர் ரூமில் கொண்டுபோய் வைத்துப் பூட்டினார்கள், ப்ளக்கைக்கூட மாட்டாமல் சுருட்டி வைத்தார்கள், அங்கேயும் பத்து பத்துக்கு எக்கி, ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த அட்டைப்பெட்டிகள் மேல் கக்கியது. திரும்ப நாலாம் டேபிளுக்கே கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் சொல்லவேண்டிய இன்னொரு அசிங்கம் என்னவென்றால், அது கொடுக்கிற பன்னிரண்டு வோல்ட் பன்னிரண்டாகவே இருந்தது, கக்கும்போதுகூட ஒரு புள்ளி ஆடவில்லை. வேலை ஓடுகிறது, பிறகு என்ன என்று விட்டுவிட்டார்கள்.

சென்றாயனுக்கு வீணாகப் போவது பொறுக்காது. பாப்பாத்தி அக்கா பேசினைக் கழுவப் போகும்போது தடுத்து, ஒரு பெயிண்ட் டப்பாவில் ஊற்றி மூடி, சாயந்தரம் வண்டியில் வைத்து வீட்டு எருமைக்குக் கொண்டுபோனார். நான் இருக்கும்போதே ஒருநாள் அதைச் சொன்னார், வெட்கமே இல்லாமல் சொன்னார். "தவுடு கலந்து வச்சன்யா. மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு. மூணு நாளு வச்சன், தொடவேயில்ல," என்றார். அந்த எருமையை எனக்குப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

அந்தக் கம்பெனியில் எதையும் எழுதி வைக்கவேண்டும், அது ஒரு நோய். ஒவ்வொரு பெட்டிக்கும் தினமும் ஒரு தாள். டிஸ்பிளே சரியா, திருகு சரியா, வயர் சரியா என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டம் 'லீக்கேஜ்'. அந்தத் தாளை அச்சடித்தவன் கேட்டது பெட்டியின் உடம்பில் கரண்ட் கசிகிறதா என்று. அதைச் சோதிக்கிற கருவி அந்தக் கம்பெனியில் கிடையாது, அதனால் அது எதைக் கேட்கிறது என்பதையே மறந்துபோய், வருடக்கணக்காக 'இல்லை, இல்லை, இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். வாந்தியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று சென்றாயன் தாளை மேலிருந்து கீழே இரண்டு முறை பார்த்தார், 'லீக்கேஜ்' என்று இருந்தது கண்ணில் பட்டது, 'ஆம்' என்று எழுதினார், பக்கத்தில் 'ஒரு மக்' என்று அளவும் போட்டார். வரதராஜுலு தினமும் சாயந்தரம் நூறு தாளில் கையெழுத்துப் போடுகிறவர், இதிலும் போட்டார். நான் அந்தத் தாளைப் பார்த்தேன். அந்தக் கட்டம் எதைக் கேட்கிறது என்று அந்தக் கட்டடத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றும் செய்தார்கள். மாதேஸ்வரி விஷயத்துக்குப் பிறகு கேட்டில் ஒரு நோட்டு வைத்து, உள்ளே வருகிற ஒவ்வொரு பெண்ணையும் வாட்ச்மேன் நிறுத்தி, "சாப்ட்டியா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் டிக் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். எங்கள் ஊரில் அது பிரியம் இருக்கிறவர்கள் கேட்கிற கேள்வி, வேறு பேச ஒன்றும் இல்லாதபோதும் கேட்டுவைக்கிற கேள்வி. அதைக் கேட்டில் வைத்துக் குற்றவாளியிடம் கேட்பது மாதிரிக் கேட்டார்கள். சாப்பிடாமல் வந்தவளும் சாப்பிட்டேன் என்றுதான் சொன்னாள், இல்லையென்றால் அரை நாள் கூலி போய்விடும்.

அந்தக் கேட்டுக்கு வெளியே திங்கள்கிழமை தவறாமல் மாதேஸ்வரி வந்து நிற்பாள். வலது கையைத் துண்டால் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வரதராஜுலுவின் கார் வரும்போது முன்னால் போவாள், கார் ஒதுங்கி உள்ளே போய்விடும். பிறகு என் மொபெட்டுக்கு முன்னால் வருவாள்.

"அண்ணா, நான் சாப்ட்டுதான் வந்தன். அந்த ஒரு வரிய அடிச்சுடச் சொல்லுங்கண்ணா."

"நான் வெளியாளும்மா. நான் சொன்னா கேப்பாங்களா?"

"நாலு மணிக்கு எழுந்து களி கெளறி, எல்லாருக்கும் போட்டு, நானும் சாப்ட்டுதான பஸ் ஏறனன். எங்க மாமியாகிட்ட ஊரே கேக்குது, மருமவளப் பட்டினி போட்டா அனுப்புனன்னு. அது மூணு மாசமா எங்கூடப் பேசறதில்ல. எங்க வூட்டுக்காரர் குடிச்சு அழிக்கிறாரு, அதான் சோறில்லன்னு இங்கயே பேசறாங்களாம். அவரு டீயத் தவர ஒண்ணு குடிச்சதில்ல. கையும் போச்சு, வேலயும் போச்சு, அது போவட்டும். சாப்டாம வந்தவன்னு ஏன் எழுதணும்?"

நான் வண்டியை உதைத்தேன். அவள் விடவில்லை. "நீங்கதான மெஷினத் தொறந்து பாத்தீங்க? உள்ள இன்னாண்ணா இருந்துச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

ரிப்பேர் வேலையில் முதல் பாடம், பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ப்ளக்கைப் பார் என்பது. நான் அந்தப் பெட்டியில் முதல் வாரம் ஐந்து கப்பாசிட்டர்களையும் மாற்றினேன், அது கக்கியது. ஃபேனை மாற்றினேன், கக்கியது. டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிப் புதிதாகக் கட்டி வைத்தேன், கக்கியது. போர்டை மாற்றினேன், டிஸ்பிளேயை மாற்றினேன், திருகுகளை மாற்றினேன், சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் பிடுங்கிவிட்டுப் புதிது போட்டேன், புது முனைகள் வழியாகப் பழைய களி வந்தது. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, புரட்டாசி முடிவதற்குள் அந்தப் பெட்டியில் பழையது என்று மிஞ்சியவை இரண்டே இரண்டு, மேல் தகடும், பின்பக்கத்திலிருந்து சுவருக்குப் போகிற வயரும். அந்த வயரை மட்டும் நான் தொடவில்லை. அதை மாற்ற மறந்தேன் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குத் தொழில் தெரியாது.

சித்திரையில் அந்தப் பெட்டியைப் போட்டாலே டெஸ்டிங் செக்ஷன் முழுக்கச் சுவிட்ச் விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாளைக்கு ஏழு எட்டு தடவை விழும், எல்லா டேபிளும் நிற்கும், சென்றாயன் மேலேயும் கீழேயும் குதிப்பார். சுவிட்ச் விழுகிறது என்றால் எங்கோ கரண்ட் பெட்டியின் உடம்புக்குப் போகிறது, அது எர்த் வழியாகத் தரைக்கு ஓடுகிறது, அதனால்தான் விழுகிறது, பெட்டியைத் திறந்து எங்கே என்று தேடவேண்டும். எனக்கு அன்று இன்னும் மூன்று கம்பெனி பாக்கி இருந்தது. "தொறந்து கிறந்து பாக்க நேரமில்லய்யா, இன்னிக்கு லோடு போவணும். எர்த்தப் புடுங்கி வுட்டுடு, ஓடட்டும்," என்றார் சென்றாயன். ப்ளக்கில் மேலே தடியாக இருக்குமே ஒரு முள், அதைக் கொறடாவால் பிடித்து இரண்டு திருகு திருகினேன், பல் பிடுங்குகிறமாதிரி கையோடு வந்தது. அதற்குப் பிறகு சுவிட்ச் விழவில்லை. "கெட்டிக்காரன்யா நீ," என்று சென்றாயன் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு, பெட்டி மேல் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். பிடுங்கிய பித்தளை முள் எப்படியோ என் பையில் ஸ்க்ரூ டப்பாவுக்குள் போய்விட்டது.

முதல் நாள் பெட்டியைத் திறந்தபோது ஒன்றுமில்லை என்றேனே, அதுவும் பொய். வயர் உள்ளே நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை, தகட்டின் விளிம்பு வயரின் தோலைத் தின்று, செம்பு வெளியே தெரிந்து, பெட்டியைத் தொட்டுக்கொண்டு இருந்தது. பெட்டியின் உடம்பு முழுக்கக் கரண்ட். ஓடிப்போக எர்த் இல்லாமல் அது அங்கேயே காத்துக்கொண்டு இருந்தது, மாதேஸ்வரி கை வைத்ததும் அவள் வழியாகப் போனது. நான் சத்தமில்லாமல் அந்த இடத்தில் கறுப்பு டேப்பைச் சுற்றினேன். எனக்குப் பின்னால் துடைக்கிற துணியோடு நின்றிருந்த பாப்பாத்தி அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சீ, என்ன பிழைப்பு. வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய் போட்டுக் கையைக் கழுவினேன், அன்று முதல் களி என் தொண்டையில் இறங்கவில்லை.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தார்கள், நாலாம் டேபிள் பெட்டிக்கு மட்டும் தனியாகச் சாமந்தி மாலை. அதன் முகத்தில் மூன்று மாதமாகத் துடைத்தும் போகாமல் காய்ந்திருந்த களிப் பொருக்கின் மேலேயே சந்தனத்தைப் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் பொரியும் கடலையும் வாழைப்பழமும் படைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், வரதராஜுலு கண்ணை மூடிக் கும்பிட்டார். பத்து பத்துக்கு அது பொரியின் மேலேயே கக்கியது. "சாமி ஏத்துக்கிச்சு," என்றார் சென்றாயன். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குக் குமட்டியது.

அன்று பேசினைக் கழுவுகிற இடத்தில் பாப்பாத்தி அக்கா என்னைக் கூப்பிட்டாள். அவளும் மாதேஸ்வரியும் ஒரே ஊர், ஒரே பஸ். "சார், இத்தினி நாளா இத லீக்கேஜ் லீக்கேஜ்ங்கறீங்க," என்று சொல்லி, இரண்டு விரலால் ஒரு கொட்டைத் தோலை எடுத்துக் காட்டினாள். "இது மாதேசு வூட்டுக் கொழம்பு சார். அவ ஒருத்திதான் அவரைக்கொட்டையப் பிதுக்காம தோலோட போடுவா. நான் எத்தினி நாளு அவ டப்பாவுல தின்னுருக்கன். அவ சாப்ட்டான்னு இது தெனம் கக்கிக் காட்டுது, நீங்க தெனம் பேசின நீட்டுறீங்க." தோலை உதறிவிட்டுக் கையைக் கழுவினாள். "டேப்பு சுத்தனீங்களே, அதுவும் பாத்தன்," என்றாள்.

ஐப்பசியில் தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்தார். மாதேஸ்வரி இடது கையால் எழுதிப் போட்ட மனு எங்கெங்கோ சுற்றி அவரிடம் போயிருந்தது. மத்தியானம் வரும்படி வரதராஜுலு ஏற்பாடு செய்திருந்தார். அவரோ காலை ஒன்பதரைக்கே, மூக்குக் கண்ணாடியும் துணிப்பையுமாக, மாதேஸ்வரியையும் கூட அழைத்துக்கொண்டு டெஸ்டிங் செக்ஷனுக்குள் வந்துவிட்டார். என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். பத்து பத்துக்குள் அவரை டீ குடிக்க மாடிக்குக் கூட்டிப்போய்விடவேண்டும் என்று வரதராஜுலு தவியாய்த் தவித்தார், அந்தம்மா டீ குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு நாலாம் டேபிள் முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தினத் தாள்களைக் கேட்டார்.

ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். சுவர்க் கடிகாரம் பத்து ஐந்து காட்டியது. பாப்பாத்தி அக்கா பழக்கத்தில் பேசினை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"லீக்கேஜ், ஆம். லீக்கேஜ், ஆம். லீக்கேஜ், ஆம்," என்று படித்தார் அந்தம்மா. "எண்பத்து மூணு தாள் இருக்கு. எண்பத்து மூணுலயும் உங்க கையெழுத்து. இந்தப் பொண்ணு விழுந்த மறுநாள்ல இருந்து, இந்தப் பெட்டியில கரண்ட் கசியுதுன்னு நீங்களே தினமும் எழுதியிருக்கீங்க. பிறகு இந்தப் பொண்ணு மயங்கி விழுந்ததுன்னு எப்படி எழுதுனீங்க?"

வரதராஜுலுவின் முகம் வெளுத்தது. "மேடம், அது அந்த லீக்கேஜ் இல்ல மேடம்."

"பின்ன எந்த லீக்கேஜ்?"

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்வார்? களி என்று சொல்லவேண்டும், அவரைக்கொட்டைக் குழம்பு என்று சொல்லவேண்டும், அதைச் சொன்னால் யார் சாப்பிட்டது என்று சொல்லவேண்டும். கரண்ட் என்றாலும் மாதேஸ்வரி சொன்னது உண்மை, களி என்றாலும் மாதேஸ்வரி சொன்னது உண்மை. அவர் சென்றாயனைப் பார்த்தார், சென்றாயன் தரையைப் பார்த்தார். அந்த இரண்டு முகங்களையும் பார்க்க எனக்கு எவ்வளவு அருவருப்பாக இருந்தது என்று சொல்லி முடியாது, அவற்றுக்குப் பக்கத்தில் என் முகமும் இருந்தது.

மணி பத்து பத்து ஆனது. பெட்டி ஒரு முறை எக்கியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், ஆய்வாளரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

நான் போய்ச் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கினேன். மூன்று மாதத்துக்கு முன்னால் முதலில் செய்திருக்கவேண்டிய வேலை. அதை அந்தம்மாவின் முன்னால் டேபிளில் வைத்தேன். மூன்று முள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு முள், மேலே ஒரு பள்ளம். ஸ்க்ரூ டப்பாவைக் கவிழ்த்து அந்தப் பித்தளை முள்ளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். "நான்தான் மேடம் பிடுங்குனேன். சுவிட்ச் விழாம இருக்கறதுக்கு," என்றேன். பிறகு மேல் தகட்டைக் கழற்றி, நான் சுற்றிய டேப்பைப் பிரித்து, செம்பைக் காட்டினேன். மாதேஸ்வரி எட்டிப் பார்த்தாள், பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

அந்த இரண்டாவது எக்கு வரவேயில்லை. பாப்பாத்தி அக்கா கால் மணி நேரம் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, காலிப் பேசினைக் கவிழ்த்துப் பார்த்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, அந்த அழகான கையெழுத்தின் மேல் வரதராஜுலுவையே சிவப்புப் பேனாவால் கோடு போட வைத்தார் ஆய்வாளர். கீழே தன் கையால், 'எர்த் முள் அகற்றப்பட்ட கருவியில் ஏற்பட்ட மின்கசிவால் பணியாளர் தாக்கப்பட்டார்' என்று எழுதி, மாதேஸ்வரிக்குப் படித்துக் காட்டினார். வேலையும் வைத்தியமும் இனிக் கம்பெனி பொறுப்பு என்றார்.

"கரண்ட் அடிச்சது எனக்குத் தெரியும் மேடம், ஒடம்புல பட்டது எனக்குத்தான?" என்றாள் மாதேஸ்வரி. "நான் சாப்ட்டுட்டு வந்தத எழுதுங்க."

"அது இனிமே தேவையில்லம்மா. அந்த வரியத்தான் அடிச்சாச்சே."

"அடிச்சா போதாது மேடம். எழுதுங்க."

அந்தம்மா மறுபடியும் பேனாவைத் திறந்தார். "என்ன சாப்பிட்டீங்க?"

"களி. அவரைக்கொட்டைக் கொழம்பு," என்றாள் மாதேஸ்வரி. அந்தச் செக்ஷனில் மூன்று மாதமாக யார் வாயிலும் வராத சொல் அது. மூன்றாம் டேபிள் பெண் ஒருத்தி சட்டென்று துப்பட்டாவை எடுத்து மூக்கைப் பொத்தினாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி, பிறகு எல்லோரும்; இத்தனை நாளும் வராத நாற்றம் அப்போதுதான் அவர்களுக்கு வந்தது.

என்னிடம் எழுத்தில் வாக்குமூலம் வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தொழிற்பேட்டையில் இனி எனக்கு ஒரு கம்பெனியிலும் வேலை இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன், மாதேஸ்வரி அங்கே பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். வாட்ச்மேன் அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்க்காதமாதிரி நின்றார். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்து அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"சாப்ட்டீங்களாண்ணா?" என்றாள்.

அன்று காலையில் நான் ஒன்றும் சாப்பிடாமல்தான் வந்திருந்தேன். "இல்லம்மா," என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சிரிக்கவில்லை. "சாப்டாம வந்தா மயங்கி வுழுந்துடுவீங்க," என்றாள். பஸ் வந்தது, இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.